எலிசாவைக் கூட்டிவரப் போனது

ஹென்றி அண்ணையும் நானும் பதினாறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்த தொழிற்சாலை அது. லிஃப்டுகளுக்கும் பஸ்களுக்கும் போகிற வயர்க் கட்டுகளைச் செய்வோம். நிறம் பார்த்து, நீளம் பார்த்து, பலகையில் அடித்திருக்கும் ஆணிகளுக்கு நடுவே ஒவ்வொரு வயராக ஓடவிட்டுக் கட்டவேண்டும். அவர் மன்னாரில், பேசாலையில் பிறந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் கதைக்க மாட்டார். நாங்கள் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கட்டுகிறதை அவர் ஒருதரம் பார்த்துவிட்டுக் கட்டி முடிப்பார்.

அவருடைய மனைவி எலிசா அக்கா முதியோர் இல்லம் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தார். 2020 ஏப்ரலில் அங்கே கொரோனா பரவியபோது அவருக்கும் வந்தது. அம்புலன்ஸ் வந்த நேரம் ஹென்றி அண்ணைக்கும் காய்ச்சல். படியிறங்கி வாசல்வரை போகக்கூட அவரை விடவில்லை. ஜன்னலால் பார்த்தார். பதினொரு நாள் எலிசா அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி மாலை ஒரு தாதி ஐபேடைப் பிடித்துக்கொள்ள, மகள் ஷெரோன்தான் தாயோடு கதைத்தாள். ஹென்றி அண்ணைக்கு இருமல் விடவில்லை. கையை மட்டும் காட்டி, "நாளைக்குக் கதைக்கிறன்" என்றார். விடிய ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மூடிய பெட்டியோடுதான் அடக்கம் நடந்தது. நாங்கள் யாரும் போக முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை. மெட்ரோவின் ஆரஞ்சு லைனில் அதற்குரிய ஸ்டேஷனைத் தாண்டிப் போகவேண்டி வந்தால், முதலே இறங்கி பஸ் பிடித்துச் சுற்றிப் போவார். ஒருநாள் அப்படி அவரோடு நானும் இறங்கினேன். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவர்கள் இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். மொன்றியலில் எல்லாரும் வீடு மாறுகிற ஜூலை முதலாம் தேதி அவரும் ஷெரோனும் மாறினார்கள். அதே தெருதான், இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு இரண்டாம் மாடி. கட்டிலைக் கழற்றித் தூக்க நான் போயிருந்தேன். எலிசா அக்காவின் உடுப்புகள் மூன்று பெட்டிகளில் இருந்தன. அவற்றை யாரிடமும் கொடுக்காமல் தானே இரண்டு தரம் நடந்து கொண்டுவந்து வைத்தார்.

2023 கடைசியில் தொழிற்சாலையை மூடினார்கள். வேறு வேலை தேட முதல் பிரெஞ்சு படியுங்கள் என்று அரசாங்க அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஹென்றி அண்ணையும், நாற்பத்தாறில் நானும் மறுபடி வகுப்பில் போய் இருந்தோம். மதாம் லிசெத் என்கிற ஆசிரியை. நல்ல மனுசி, ஆனால் வகுப்பில் இங்கிலீஷ் ஒரு சொல் வந்தாலும் மேசையைத் தட்டுவா. பன்னிரண்டு பேர் படித்தோம். அதில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தா. நொம்பூசோ என்று பெயர். சூலு இனத்தவ. ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் முடித்தவர் இங்கே லொறி ஓட்டுகிறார் என்றும், தான் ஒரு சமையலறையில் வேலை செய்வதாகவும் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னா. இங்கிலீஷ் நன்றாகக் கதைப்பா, எங்களைவிட நன்றாக. ஆனால் அங்கே அதற்கு இடமில்லை.

பெப்ரவரி நடுவில் மதாம் லிசெத் எங்களை டவுன்டவுனில் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. சூலு மக்களின் கைவேலைகள் பற்றிய கண்காட்சி வந்திருந்தது. நொம்பூசோவுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தா என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து அதைப் பற்றி பிரெஞ்சில் மூன்று வசனம் சொல்லவேண்டும்.

நான் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மரக் கேடயத்தைப் பார்த்து மூன்று வசனத்தையும் எழுதி முடித்துவிட்டேன். ஹென்றி அண்ணை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே கிண்ணம் போன்ற கூடைகள். சுழி சுழியாய் நிறங்கள், மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு பிசகில்லாமல் ஓடின.

"தம்பி, இது எங்கட வயர்," என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். டெலிபோன் வயர். மஞ்சள், நீலம், வெள்ளை, செம்மஞ்சள் என்று பிளாஸ்டிக் தோல் போட்ட செப்புக் கம்பிகள். எத்தனை வருடம் எங்கள் விரலில் ஓடிய சாமான்.

நொம்பூசோ வந்து பக்கத்தில் நின்றா. பிரெஞ்சும் கையுமாய் விளக்கினா. நகரங்களுக்கு இரவுக் காவலுக்குப் போன ஆண்கள் தொடங்கிய வேலையாம் இது. தூக்கம் வராமலிருக்க, வீதியில் கிடந்த துண்டு வயர்களை எடுத்துத் தங்கள் கைத்தடிகளில் சுற்றிப் பின்னினார்கள். பிறகு கள் வைக்கும் மண்பானைக்கு மூடி பின்னினார்கள். ஊரில் பனையோலையில் செய்ததை நகரத்தில் வயரில் செய்தார்கள். அவவின் தகப்பனுடைய தம்பி ஒருவரும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் அப்படிக் காவல் இருந்தவராம்.

ஹென்றி அண்ணை பெட்டியைச் சுற்றிவந்து அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "ஒரு இடத்திலயும் ஒட்டுப் போடேல்லை. புது வயரை உள்ளுக்கை குடுத்து மறைச்சிருக்கினம்," என்றார். அன்றைக்கு அவர் கதைத்த அளவு நான் பல மாதங்களாகக் கேட்டதில்லை. மதாம் லிசெத்திடம் போய் மூன்று வசனம் அல்ல, ஏழெட்டு வசனம் சொன்னார். பிழையும் சரியுமாய். அவ ஒன்றையும் திருத்தவில்லை.

பிறகு நொம்பூசோதான் எங்கள் வழிகாட்டியாகிவிட்டா. மணிகளால் கோத்த சிறு பட்டிகளின் கீழே, வெள்ளை என்றால் அன்பு, கறுப்பு என்றால் கல்யாணம் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பெண்கள் விரும்பியவருக்குச் சொல்லவேண்டியதை நிறத்தில் கோத்து அனுப்புவார்களாம். அவ பட்டியலைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினா. "இவ்வளவு லேசில்லை. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு அர்த்தம், அந்தப் பக்கம் வேறை. கோத்தவளுக்கும் வாங்கினவனுக்கும்தான் தெரியும்." கறுத்து மினுங்கிய மண்பானைகளைக் காட்டினா. ஒருமுறை சுட்டபிறகு, புல்லின் புகையில் இரண்டாம் முறை சுட்டுக் கறுப்பாக்கி, கொழுப்புத் தேய்ப்பார்கள். முன்னோர்களுக்கு இருட்டுத்தான் விருப்பம், அதனால் அவர்களுக்கு வைக்கிற பானையும் கறுப்பு. ஒரே மரத்தில் செதுக்கிய தலையணைக் கட்டைகள் வரிசையாய் இருந்தன. உரியவர் செத்தால் அதை அவரோடு புதைப்பார்கள், இல்லாவிட்டால் அவருடைய ஆளாகவே நினைத்து வீட்டில் வைத்திருப்பார்கள்.

கடைசிப் பெட்டி சின்னது. அதற்குள் ஒரு காய்ந்த முள்ளுக் கிளை. வேறு ஒன்றுமில்லை. 'கிளை. சடங்குப் பயன்பாடு' என்று மூன்றே சொல் எழுதியிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

"இலந்தை," என்றார் ஹென்றி அண்ணை.

இலந்தையேதான் போலிருந்தது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள், ஒன்று நேராக, மற்றது பின்பக்கம் வளைந்து. இது என்னத்துக்கு என்று அவர் நொம்பூசோவிடம் கேட்டார். அவ பிரெஞ்சில் தொடங்கினா. இரண்டு சொல்லுக்குப் பிறகு நின்றுவிட்டது. திரும்ப முயன்றா. பிறகு இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினா. மதாம் லிசெத் அந்தப் பக்கம் வந்தவ, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மேசை தட்டுகிற ஆளாய் இல்லாமல் விலகிப் போய்விட்டா.

நொம்பூசோவுக்கு ஒன்பது வயதில் நடந்தது. அந்தச் சித்தப்பா, வயர் பின்னினவர், சுரங்கத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவருடைய ஆவியை வீட்டுக்குக் கூட்டிவர, தகப்பன் இந்த மரத்துக் கிளை ஒன்றை முறித்துக்கொண்டு போனார். தாயும் அவவும் கூடப் போனார்கள். ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, நான் வந்திருக்கிறன். வீட்டை போவம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதிலிருந்து வீடு வரும்வரை அவர் வேறு யாரோடும் கதைக்கக்கூடாது. கிளையோடு மட்டும்தான் கதைக்கவேண்டும். திரும்பி வந்த வாடகை வான் வண்டியில் கிளைக்குத் தனியாக ஒரு இருக்கை எடுத்தார்கள். யார் வருகிறது என்று டிரைவர் கேட்டான். தாய்தான் பதில் சொன்னா. அவன் தலையை அசைத்துவிட்டு அந்த இருக்கையில் யாரையும் இருக்க விடவில்லை.

"ஆறு வந்த இடமெல்லாம் அப்பா சொன்னார், 'இப்ப ஆறு கடக்கிறம், பயப்பிடாத' எண்டு. வழி மாறிற இடத்தில சொன்னார். சொல்லாட்டில் செத்தவர் வழியில நிண்டுபோவார். முள்ளைப் பாருங்கோ. நேர் முள் போகவேண்டிய பக்கம், வளைஞ்ச முள் வந்த பக்கம்."

"வீட்டை கொண்டுபோய்?" என்று ஹென்றி அண்ணை கேட்டார்.

"உள்ளுக்கை, அந்தக் கறுப்புப் பானை வைக்கிற இடத்தில வைச்சினம். ஆடு அடிச்சினம். அண்டைக்குத்தான் எங்கட சித்தி சத்தமா அழுதா. அதுவரைக்கும் அழேல்லை."

கீழே கன்ரீனில் போய் இருந்தோம். ஹென்றி அண்ணை கோப்பியை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இருந்தார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்.

"எலிசாவுக்கு இப்ப நாங்கள் இருக்கிற வீடு தெரியாது, தம்பி."

நொம்பூசோ என் முகத்தைப் பார்த்தா. நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். அவ கையை நீட்டி அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. அவர் கையைத் தொடவில்லை. அப்படியே வைத்திருந்தா.

"இங்கை இந்த மரம் இல்லை. நான் எதால செய்யிறது?" என்று அவர் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. இது எங்கட முறை. உங்கட ஆக்கள் எதைக் கையில எடுப்பினம் எண்டு நீங்கள்தான் யோசிக்கவேணும்."

ஒரு மாதம் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மார்ச்சில் ஒருநாள் வகுப்பு முடிந்து வருகையில், குருத்தோலை ஞாயிறு பூசைக்குப் பிறகு தன்னோடு ஆஸ்பத்திரிக்கு வரமுடியுமா என்று கேட்டார். "திரும்பி வரேக்கை நான் ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது. ஆரும் ஏதும் கேட்டா நீ பதில் சொல்லவேணும்."

"பங்குச் சுவாமியைக் கேட்டனீங்களோ?"

"இல்லை. கேட்டா வேண்டாம் எண்டு சொல்லக்கூடும். பேந்து நான் கீழ்ப்படியாமப் போகவேணும். அது கூடாது."

ஷெரோனுக்கு அது பிடிக்கவில்லை. அன்றிரவே எனக்கு போன் எடுத்தாள். இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. "அங்கிள், அம்மா கடவுளிட்டை இருக்கிறா எண்டுதானே நாங்கள் நாலு வருசமா மன்றாடுறம். இப்ப ஆஸ்பத்திரியில நிக்கிறா எண்டு அப்பா சொல்லுறார். எது உண்மை?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள், ஆனால் கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. நான் எனக்குத் தெரியாது என்றேன். நான் சைவக்காரன். என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லி அவளைக் குழப்ப விரும்பவில்லை.

முதல்நாள் பெரிய பனி கொட்டியிருந்தது. ஞாயிறு மத்தியானம் பூசை நடந்த கோயில் வாசலில் நின்றேன். சனம் குருத்தோலையோடு வெளியே வந்தது. ஹென்றி அண்ணை மந்திரித்த ஓலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கறுத்தக் கோட்டில், தலை வாரி வந்தார். மெட்ரோவில் ஏறினோம். நாலு வருடமாக அவர் தவிர்த்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும் எனக்கு முதல் இறங்கினார்.

எலிசா அக்கா இருந்த ஐந்தாம் மாடி இப்போது கால் கை முறிந்தவர்களின் பகுதி. மேசையில் இருந்த இளம் தாதி யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் அவரே பிரெஞ்சில் சொன்னார். "என்ர மனிசி இங்கைதான் செத்தவ. இரண்டாயிரத்து இருபது ஏப்ரலில். ஐந்நூற்றிப் பதினேழாம் அறை. அப்ப என்னை வர விடேல்லை. இப்ப அவவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்." வினைச்சொல் எல்லாம் சரியாக வந்தது. வீட்டில் எழுதிப் பாடமாக்கியிருக்கவேண்டும்.

தாதி ஓலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "நான் அப்ப இங்கை இல்லை, மெசியு. மன்னிக்கவேணும்," என்று சொல்லி எழுந்தாள். அந்த அறையில் ஒரு வயோதிபர் காலைத் தூக்கிக் கட்டியபடி நித்திரையில் இருந்தார். கதவடியில் நிற்கலாம் என்றாள். மற்றப் பக்கம் திரும்பி மருந்து வண்டிலை ஒழுங்குபடுத்துவதுபோல் நின்றாள்.

ஹென்றி அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எலிசா," என்றார். "நான் ஹென்றி. நாளைக்குக் கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுக் கதைக்கேல்லை. பிழைதான். எழும்பு, வீட்டை போவம்."

அவ்வளவுதான். பிறகு திரும்பி நடந்தார். தாதி தலை குனிந்து வணங்கினாள். நான் நன்றி சொன்னேன். லிஃப்டில் ஒருவர் எத்தனையாம் மாடி என்று அவரைக் கேட்டார், நான்தான் பதில் சொன்னேன்.

ரயிலில் ஜன்னலோர இருக்கையில் ஓலையை வைத்துவிட்டு, இப்பக்கம் அவர் இருந்தார். நான் அவருக்கு எதிரே நின்றேன். மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஸ்டேஷனின் பெயரையும் சொன்னார். இடையிடையே வேறு கதைகளும் வந்தன. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று சொன்னார். ஷெரோன் படித்து முடித்துவிட்டாள் என்றும், மருந்துக்கடையில் நல்ல பேர் எடுத்திருக்கிறாள் என்றும் சொன்னார். பேசாலையில் எலிசா அக்காவின் தங்கச்சி போன வருடம் காலமானதைச் சொல்லும்போது நிறுத்தி, "உனக்கு அங்கை தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் காதைப் பொத்தமுடியாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு புருசன் பெண்சாதியோடு கதைக்கிறதைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல்தான் இருந்தது.

ஒரு அம்மா ஏறி, ஓலை இருந்த இருக்கையைக் காட்டி, வெறுமையா என்று கேட்டா. "இல்லை மதாம், ஆள் இருக்கு," என்றேன். அவ ஓலையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனா. லியோனல்-க்ரூ ஸ்டேஷனில், "இதில இறங்கி மாறவேணும், எலிசா. சனம் கூடுதலா இருக்கு. என்னோட வா," என்று சொல்லி ஓலையைக் கோட்டுக்குள் வைத்தார். கடைசி ஸ்டேஷனான அங்கிரிஞ்ஞோனில் இறங்கி பஸ் எடுத்தோம். கால்வாய்ப் பாலத்தில் போகும்போது தண்ணீர் இன்னும் உறைந்திருக்கிறது என்று சொன்னார்.

பழைய வீட்டுத் தரிப்பு வந்தது. பஸ் நின்றது. கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஹென்றி அண்ணை ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதில இறங்காத. இதில இப்ப வேற ஆக்கள் இருக்கினம். எனக்கும் விருப்பமில்லைத்தான், வித்துப்போட்டாங்கள். இன்னும் ரெண்டு தரிப்பு. கொஞ்சம் பொறு."

கதவு மூடும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புது வீட்டுப் படியடியில் அவர் படிகளை எண்ணிச் சொன்னார், நடுவில் ஒன்று ஆடும், பார்த்து வா என்றார். ஷெரோன் கதவைத் திறந்தாள். நான் அவளோடு கதைக்கப் போனேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வழி விட்டாள். முகம் அழுது வீங்கியிருந்தது. தகப்பன் உள்ளே வந்ததும் முன்னால் போய் ஒவ்வொரு அறையாக லைட்டைப் போட்டாள். பகல் நேரம், லைட் தேவையில்லை. இருந்தும் போட்டாள். குசினிக்குள் போய், "அம்மா, இது குசினி. அடுப்பு பழசுதான்," என்றாள். பிறகு தன் அறைக் கதவைத் திறந்து, "இது என்ர," என்று சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். ஹென்றி அண்ணை ஓலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகினார். அதற்குப் பிறகுதான் மகளிடம் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் நொம்பூசோ அவரைப் பார்த்தவுடன் கேட்டா. "வழியில ஆரோடையும் கதைச்சனீங்களோ?"

"இல்லை."

"நல்லது," என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தா.

ஏப்ரலில் எலிசா அக்காவின் நாலாம் ஆண்டு நினைவு. அதுவரை ஹென்றி அண்ணை பூசைக்குப் பெயர் கொடுத்ததுமில்லை, ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்ததுமில்லை. இந்தமுறை பெயர் கொடுத்தார். பூசை முடிந்து வீட்டுக்குப் பத்துப் பேரை வரச்சொன்னார், நொம்பூசோவையும். மீன்குழம்பும் சோறும் அவரே சமைத்திருந்தார். பூசை வைத்த சுவாமியும் வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் ஹென்றி அண்ணை அவரை ஒரு பக்கம் கூப்பிட்டு, மார்ச்சில் செய்ததைச் சொன்னார். நான் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டு நின்றதால் கேட்டது. சுவாமி ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்குப் பாரம் குறைஞ்சதோ?"

"குறையேல்லை, சுவாமி. ஆனா அது இப்ப எங்கை இருக்கெண்டு தெரியும்."

சுவாமி அவருடைய தோளில் கைவைத்துவிட்டு, ஜெபம் சொல்லலாம் என்றார். எல்லாரும் எழுந்து நின்றோம். ஜெபம் முடிந்தபின் நொம்பூசோ சிலுவைக்குக் கிட்டப் போய், தலையைக் குனிந்து, தன் மொழியில் மெல்லச் சில வார்த்தைகள் சொன்னா. என்ன சொன்னா என்று யாரும் கேட்கவில்லை. ஷெரோன் அவவுக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். சோறு ஆற முதல் சாப்பிட இருங்கோ என்று ஹென்றி அண்ணை எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.